கட்சிக்காரருக்கு ஓட்டில்லை

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் 14 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் வழக்கறிஞர் சங்கத் தேர்தலில் இந்த முறை செயலாளர் பதவிக்கு நிற்கிறேன். இதுவரை ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "பொருளாளருக்கு நில்லும்மா, போட்டியில்லாமலே தர்றோம்" என்கிறார்கள் சீனியர்கள். எதிரே நிற்பவர் விருந்து மேல் விருந்து வைக்கிறார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தானே பணம் கட்டி, ஓட்டுப் போடத் தகுதியாக்குகிறார். நானும் அப்படிச் செய்தால்தான் ஜெயிக்க முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

நீங்களும் கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டு போட்டவர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த உரிமையில் என் தேர்தல் நோட்டீஸை இணைத்திருக்கிறேன். தமிழைக் கொஞ்சம் திருத்தித் தர முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகரப் பெட்டியில் என் ஜூனியர் காலத்து கோர்ட் டைரி கிடைத்தது. எண்பதுகளின் கடைசியில் ஆறு வருடம் அந்த வேலை பார்த்தேன். சீனியரின் கட்டுகளைச் சுமப்பது, வாய்தா வாங்குவது, அடுத்த தேதியைக் குறிப்பது, இவ்வளவுதான் என் வக்கீல் தொழில். டைரியில் ஒவ்வொரு வழக்கு எண்ணுக்கும் பக்கத்தில் 'வா', 'வி', 'உ' என்று சுருக்கெழுத்து. வாய்தா, விசாரணை, உத்தரவு. சில பக்கங்களில் மேலிருந்து கீழே வரை ஒரே எழுத்து: 'பா.கா'. பாய்காட், அதாவது வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்த நாள். அந்தப் பக்கங்களைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த நேரத்தில் உங்கள் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

பொருளாளர் பதவியெல்லாம் வேண்டாம். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நிர்வாகிகளில் ஒரு பதவியும் பெண்களுக்கு, அது சுழற்சி முறையில் மாறிவரும் என்றார்கள். முதல் சுற்றில் பொருளாளர் பதவி வந்தது. உங்கள் சீனியர்கள் அதைப் பாதி படித்துவிட்டு, பெண் என்றால் பொருளாளர் என்று முடிவுகட்டியிருக்கலாம். நீங்கள் செயலாளருக்கே நில்லுங்கள்.

விருந்து வைக்காதீர்கள். அடுத்தவர் சந்தாவைக் கட்டாதீர்கள். 14 வருடம் கோர்ட்டில் நின்ற ஒருவர், ஓட்டுக்குப் பணம் கட்டுவது சரியா என்று ஒரு கதை எழுதுகிறவனிடம் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓட்டுப் போட மட்டும் வருகிற கூட்டத்தை என்ன செய்வது என்று பெரிய பெரிய சங்கங்களே திண்டாடித்தான் 'ஒரு சங்கம், ஒரு ஓட்டு' என்று, அதாவது ஒருவர் எத்தனை சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் ஒன்றில்தான் ஓட்டுப் போடலாம் என்று விதி கொண்டுவந்தன. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள், அதுதான் கோபம்.

சரி, நோட்டீஸுக்கு வருகிறேன். 'வீரமங்கை', 'பெண் சிங்கம்' இரண்டையும் எடுத்துவிடுங்கள். தமிழ் பரவாயில்லை. என்னை நிறுத்தியது மூன்றாவது வரி: "வழக்கறிஞர் நலனுக்காக எந்தப் போராட்டத்துக்கும் தயங்கமாட்டேன்." எந்தச் சங்கத் தேர்தலானாலும் இந்த வரி இல்லாத நோட்டீஸ் அபூர்வம். போராட்டம் என்றால் நம் கோர்ட்டுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போகாமல் இருப்பது.

அந்த டைரியில் ஜீவனாம்ச வழக்கு ஒன்று இருக்கிறது. மனுதாரர் செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு அம்மா. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அந்த வரம்பு 2001-ல்தான் நீங்கியது. அவர் கேட்டது 200. வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் சார்ஜ் தனி. முதல் பாய்காட் அன்று வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உள்ள போலாமா சார்?"

"நீங்க போலாம்மா. நாங்கதான் போகக் கூடாது."

போனார். டவாலி பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "வக்கீல் எங்கே?" என்று நீதிபதி கேட்டதும் கேட்டது. அந்த அம்மா திரும்பி, ஜன்னல் வழியாக என்னைக் கையைக் காட்டினார். குற்றம் சொல்லிக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அடுத்த தேதிக்கும் பா.கா. அதற்கடுத்த தேதிக்கும் அதே. நான்காவது தேதியில் அவர் வரவில்லை. 'மனுதாரர் ஆஜரில்லை, தள்ளுபடி' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று கோர்ட் நடந்தது, நான் உள்ளேதான் இருந்தேன். ஃபீஸை அவரிடம் முன்னாடியே முழுசாக வாங்கியிருந்தோம்.

எதற்காக அந்தப் பாய்காட்? இரண்டு நாளாக யோசிக்கிறேன். டைரியை முன்னும் பின்னும் புரட்டினேன். எந்தெந்த வழக்கு எந்தத் தேதிக்குப் போனது என்பதெல்லாம் இருக்கிறது, காரணம் மட்டும் எங்கேயும் எழுதவில்லை. யாரோ ஒரு வக்கீலுக்கும் யாரோ ஒரு இன்ஸ்பெக்டருக்கும் வாய்த்தகராறாக இருக்கலாம். சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள், கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

ஊரில் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களைத் தாங்குதாங்கென்று தாங்குவார்கள். நம் கோர்ட்டில் கட்சிக்காரர் என்றால் வேறு ஆள். நம்மிடம் வழக்கை ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் குந்தியிருப்பவர், கைப்பையில் சோற்று டப்பாவோடு முதல் பஸ்ஸுக்கு வந்தவர். சங்கம் போடும் தீர்மானத்தால் அதிகம் அடிபடுவது அவர்தான். அவருக்குச் சங்கத்தில் ஓட்டுக் கிடையாது. அதனால்தான் எந்த நோட்டீஸிலும் அவர் இல்லை, உங்களுடையதிலும் இல்லை.

உடனே சட்டம் பேசுவீர்கள். பேசுங்கள், எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. 2002 டிசம்பரில் ஹரிஷ் உப்பல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை, புறக்கணிப்புக்கு அழைப்பு விடவும் உரிமை இல்லை. நீதித்துறையின் கண்ணியமோ சுதந்திரமோ ஆட்டம் காண்கிற அபூர்வமான சமயத்தில் ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம். வேறு என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியலும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பத்திரிகை அறிக்கை, கையில் பட்டை, கோர்ட் வளாகத்துக்கு வெளியே அமைதியான ஊர்வலம், தர்ணா, தொடர் உண்ணாவிரதம். இதில் ஒன்றாவது உங்கள் சங்கம் சமீபத்தில் செய்ததா? செய்யாது. உண்ணாவிரதத்தில் நமக்குப் பசிக்கும். பாய்காட்டில் பசிக்கிறது வேறொருவருக்கு.

எல்லாப் பாய்காட்டும் தப்பு என்று நான் சொல்லவில்லை. 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. வக்கீல்கள் மட்டுமல்ல, ஒரு நீதிபதியும் காயப்பட்டார். அப்போது நான் தொழிலில் இருந்திருந்தால் நானும் வெளியேதான் நின்றிருப்பேன். அதைக் கட்சிக்காரரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லியும் இருப்பேன். நான் கேட்பது சின்ன விஷயம். தீர்மானம் போடுகிற அன்று, எத்தனை ஜாமீன் மனு, எத்தனை ஜீவனாம்ச மனு அந்தத் தேதியில் நிற்கிறது என்று காஸ் லிஸ்ட்டை, அதாவது அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து எண்ணி, பொதுக்குழுவில் வாசித்துவிட்டு அப்புறம் கை தூக்கச் சொல்லுங்கள். செயலாளரால் செய்யக்கூடிய வேலைதான். ஒரு சங்கம் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. நோட்டீஸில் ஜூனியர்களைப் பற்றி "இளம் வழக்கறிஞர்கள் ஊக்குவிக்கப்படுவார்கள்" என்று இருக்கிறது. எதைக் கொண்டு ஊக்குவிப்பீர்கள்? சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் ஜூனியர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகையை அச்சில் போடுங்கள், நாலு சீனியர் ஓட்டுப் போகும், போகட்டும். அதற்கு முன்னால் உங்கள் சேம்பரில் இருக்கிற ஜூனியருக்கு நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். என் சீனியர் எனக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி கொடுத்தார்.

கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்னவோ. 14 வருடம் அந்த வராந்தாவில் நின்று, அத்தனை கிண்டலையும் கேட்டுக்கொண்டு, பொருளாளர் பதவி சும்மா கிடைத்தும் வேண்டாம் என்றவரிடம்தான் இப்படிப் பேசத் தோன்றுகிறது. உங்கள் எதிர் வேட்பாளர் எழுதியிருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன்.

நோட்டீஸைத் திருத்தி இணைத்திருக்கிறேன். மூன்றாவது வரியை அடித்திருக்கிறேன், அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. அது உங்கள் வேலை. பார் கவுன்சிலில் நீங்கள் பதிவு செய்த ஆண்டு மேலே 2010 என்றும் கீழே 2011 என்றும் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள். முடிவு வந்ததும், எதுவானாலும், ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்