கம்பெனியிடமே பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

தயாரித்த கம்பெனியிடமிருந்தே செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஒன்று நன்றாக அமைந்தது, இன்னொன்றில் கொஞ்சம் சூடுபட்டேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வெளியே வாங்கினால் விலை குறைவு என்கிறார்கள். கம்பெனியிடம் வாங்குவதில் என்ன லாபம்?

வாரண்டி. அது ஒன்றுக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். பலர் நினைப்பதுபோல, கம்பெனி ஆட்கள் காரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பார்கள் என்பதற்கு அல்ல. உதாரணத்துக்கு டெஸ்லா, அமெரிக்காவில் தானே விற்கும் பழைய கார்களுக்கு, முதலில் கொடுத்த 4 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் வாரண்டியில் மிச்சம் இருப்பதைத் தருகிறது, அது முடிந்த பிறகு இன்னொரு வருடம் அல்லது 16,000 கிலோமீட்டர் சேர்த்துத் தருகிறது. இது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேரம் பேசும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், போட்ட விலைதான் விலை.

கேள்வி: பேட்டரிக்கு 8 வருட வாரண்டி என்றால் நான் வாங்கும் நாளிலிருந்து 8 வருடமா?

இல்லை. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. முதல் சொந்தக்காரர் கையில் கார் போன தேதியிலிருந்து கணக்கு. 2020 நவம்பரில் முதல் டெலிவரி ஆன காரை நீங்கள் எப்போது வாங்கினாலும் 2028 நவம்பரில் வாரண்டி முடிந்தது. அதனால் எந்த வருட மாடல் என்று கேட்டு நிறுத்தாதீர்கள், முதல் டெலிவரி எந்த மாதம் என்று கேளுங்கள். கிலோமீட்டர் வரம்பும் உண்டு. டெஸ்லா மாடல் 3-இல் சாதாரண ரேஞ்ச் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) காருக்கு 1,60,000, லாங் ரேஞ்ச் காருக்கு 1,92,000 கிலோமீட்டர். வருடமோ கிலோமீட்டரோ, எது முதலில் வருகிறதோ அது. அந்தக் காலத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கம்பெனி பொறுப்பு. 72-இல் நின்றுவிட்டால் அது உங்கள் தலையெழுத்து.

கேள்வி: சார், பேட்டரி எப்படி இருக்கிறது என்று நாமே பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் திரையில் தெரியும் ரேஞ்ச் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது கார் தானே போடும் கணக்கு, சில வாரம் சரியாகச் சார்ஜ் செய்யாமல் யார்டில் நின்ற காரில் அது கூடக் குறையக் காட்டும். நான் செய்வது இதுதான்: 90 சதவீதத்தில் கிளம்பி, நடுவில் நிறுத்திப் போடாமல், 30 வரும்வரை ஓட்டுவேன். எத்தனை யூனிட் செலவானது என்று திரையே சொல்லும். 60 சதவீதத்துக்கு 42 யூனிட் போயிருந்தால் முழு பேட்டரி சுமார் 70 யூனிட். அதைப் புதுக் காரின் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சற்று வேகமாகக் குறைந்து அப்புறம் மெதுவாகும் வேதியியல் இது. கடும் குளிரில் ரேஞ்ச் குறைந்தால் அதை வைத்துப் பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

கேள்வி: காரை நேரில் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் டெலிவரி அன்று அவசரப்படக் கூடாது. நான் சூடுபட்டது இதில்தான். இரண்டாவது காரைப் பொழுது சாயும் நேரத்தில், அப்போதுதான் தண்ணீர் அடித்துக் கழுவி, ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஈரமான பெயின்டில் கீறல் தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பின்கதவில் உள்ளங்கை அளவுக்கு நெளிவு. அதைவிட மோசம் பின்டயர். வெளிப்பக்கம் நல்ல கட்டை இருக்கிறது, குனிந்து உள்விளிம்பைத் தடவினால் கம்பி விரலில் குத்துகிறது. இந்தக் கார்கள் எடை அதிகம், வீல் அலைன்மென்ட் கொஞ்சம் விலகினாலும் உள்விளிம்புதான் முதலில் தேயும், நின்றபடி பார்த்தால் தெரியாது. முன்டயருக்கு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் போதும், பின்டயருக்குக் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். நெளிவைப் பற்றிக் கேட்டதற்கு "கையெழுத்துப் போட்டபோது சொல்லவில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதனால் பகலில், காய்ந்த காரைப் பாருங்கள். குறை இருந்தால் படம் எடுத்து, சரிசெய்து தருவதாக எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்து. வாய்வார்த்தை செல்லாது.

கேள்வி: பழைய சொந்தக்காரர் வாங்கியிருந்த இலவச சார்ஜிங், சாஃப்ட்வேர் வசதிகள் எல்லாம் எனக்கு வருமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வரும். டெஸ்லா பழைய மாடல் எஸ் கார்களோடு கொடுத்த இலவச சூப்பர்சார்ஜிங் (டெஸ்லாவின் சொந்த வேகச் சார்ஜிங் நிலையங்களில் சார்ஜ் ஏற்றுவது) வசதி, கார் கம்பெனி கைக்குத் திரும்பி மறுபடி விற்பனைக்கு வரும்போது பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். சார்ஜிங் கேபிள் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், 2022-இல் அமெரிக்காவில் புதுக் காருக்கே அதைத் தருவதை நிறுத்தினார்கள்.

கேள்வி: 2015, 2016 மாடல் எஸ் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அந்த வயதில் பேட்டரி வாரண்டி முடிந்திருக்கும், கம்பெனியிடம் வாங்கினாலும் நான் முதல் பதிலில் சொன்ன அந்தச் சின்ன வாரண்டி மட்டும்தான் துணை. திரையையும் கவனியுங்கள். 2018 வரை வந்த மாடல் எஸ், எக்ஸ் கார்களில் நடுத்திரையின் மெமரி சிப் எழுதி எழுதியே தேய்ந்து போய், பின்கேமரா படம் கூட வராமல் போனது. 2021-இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். சிப் மாற்றியாயிற்றா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: வாங்கிய மூன்றாம் நாள் கார் கதவே திறக்கவில்லை, பேட்டரி 80 சதவீதம் இருந்தது!

பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருக்கும். பூட்டு, திரை, எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வாரண்டி இருக்கும்போதே புதிது போடச் சொல்லுங்கள், பழையதைச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.