பாசிட்டிவ் வந்தவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?

கேள்வி: தினக்கூலிக் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதியில் நாங்கள் சிலர் தன்னார்வலர்களாக வேலை செய்கிறோம். பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, 50 வயது தாண்டியவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை கிட் கொடுத்தோம். பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. பாசிட்டிவ் வந்த நான்கு பேரில் மூன்று பேர் கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) போகவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்த மூன்று பேர். இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பலருக்கு பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை முளை) இருக்கும், சிலருக்கு மூலம், சிலருக்கு எதுவுமே இருக்காது. ஆனால் ரத்தம் எங்கிருந்து வந்தது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்பார்கள், விடாதீர்கள். பாலிப்பும் கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். மறுபடி செய்து நெகட்டிவ் வந்தால், அன்றைக்குக் கசியவில்லை என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. மூன்று மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி முடிந்துவிட வேண்டும். 2017இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப் போட்டவர்களிடம் புற்றுநோயும் அதன் முற்றிய நிலையும் கூடுதலாகக் காணப்பட்டன.

போகாததற்குப் பயம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தில் பாதியை முந்தின நாள் சாயங்காலமும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும். ராத்திரியும் விடியற்காலையும் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டிவரலாம். நாலு வீட்டுக்கு ஒரே கழிப்பறை என்றால் அது எப்படி முடியும்? வெட்கப்பட்டுக்கொண்டு அவர்கள் இதை வெளியே சொல்லமாட்டார்கள். "வேலை இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். முந்தின நாளே வார்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், அல்லது கழிப்பறை உள்ள உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். மயக்க மருந்து கொடுத்தால் துணைக்கு ஒருவர் வந்தாக வேண்டும். அப்படியென்றால் போவது இரண்டு பேரின் கூலி. அதை ஈடுகட்ட வழி தேடாமல் அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

மருந்து வேலை செய்ததா என்பதை அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: கடைசியில் போவது சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் சிறிய பாலிப் கண்ணில் படாது; பரிசோதனையைத் திரும்பச் செய்யவும் நேரலாம். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இவற்றைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு.

இனி திரும்பி வராத கிட்கள். உங்கள் கிட் எந்த வகை என்று பாருங்கள். பழைய குவையாக் வகைக்கு மூன்று நாள் மலம் வேண்டும், சிவப்பு இறைச்சியும் வைட்டமின் சி மாத்திரையும் தவிர்க்க வேண்டும். அங்கேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். மனித ரத்தத்தின் குளோபின் புரதத்தை மட்டும் கண்டுபிடிக்கும் ஃபிட் வகைக்குப் பத்தியமே கிடையாது, பெரும்பாலான கிட்களில் ஒரு மாதிரி போதும். இதற்கு மாறிவிடுங்கள்.

கொடுக்கும்போது செய்து காட்டுங்கள், மலத்துக்குப் பதில் பிசைந்த மாவு ஒரு உருண்டை போதும். குச்சியின் நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் அதைச் சுரண்டி, பள்ளங்கள் நிறைந்ததும் குழாயில் செருகி மூட வேண்டும். கடுகளவுக்கு மேல் தேவையில்லை என்று கண்ணால் பார்த்ததுமே பலருக்கு அருவருப்பு குறைந்துவிடும். மலம் தண்ணீரில் விழக் கூடாது. ஒரு தாளைக் கொடுத்து, அதை எப்படி விரிப்பது என்றும் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வரும்போதும் மாதிரி எடுக்க வேண்டாம்.

லேப் திருப்பி அனுப்பும் குழாய்களில் பலவற்றில் மாதிரி எடுத்த தேதி இருக்காது. பெயரையும் வயதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், வாங்க வரும்போது தேதியைக் கேட்டு நிரப்புங்கள். எடுத்த குழாய் வெயிலில் கிடந்தால் குளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரும். ஆகவே "முடிந்ததும் கொண்டுவாருங்கள்" என்று விட்டுவிடாமல், லேப் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, குறித்த நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். இரண்டு வாரத்தில் வராதவர்களுக்கு ஒரு போன்.

மலத்தில் ஏற்கெனவே ரத்தம் பார்த்தவர், காரணமில்லாமல் எடை குறைபவர், ரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்குக் கிட் கொடுக்காதீர்கள். நேரே மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி.

அடுத்த சுற்றுக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். எவ்வளவு ரத்தம் இருந்தால் பாசிட்டிவ் என்று கிட் காட்டும் என்ற வரம்பைப் பொறுத்து மாறினாலும், 100 பேர் திருப்பித் தந்தால் ஏறக்குறைய 5 முதல் 8 பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும், தேதி வாங்குவதிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடுவதுவரை கூடவே இருக்க உங்களில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கொலோனோஸ்கோபிக்கு அத்தனை இடங்களை ஒதுக்குவதாக ஆஸ்பத்திரி உறுதி கொடுத்த பிறகு முதல் கிட்டைக் கையில் எடுங்கள்.