பெண் குழந்தை என்பதால்தான் பயமா?

இல்லை. இரட்டையரில் அண்ணன் படியேறுகிறான், 11 மாத மகள் தயங்குகிறாள் என்பதை வைத்து ‘பொண்ணுன்னா பயம்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள், மாமியார் சொன்னாலும் சரி.

நாம் முந்திக்கொண்டு தூக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 11 மாதக் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று அம்மாக்களிடம் கேட்டார்கள். மகள்களின் திறனைக் குறைத்தும் மகன்களின் திறனைக் கூட்டியும் சொன்னார்கள். இறக்கிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை!

ஒரு வாரம் கவனியுங்கள், யாரை முதலில் தூக்குகிறீர்கள்? அப்புறம் இருவருக்கும் அதே படி, அதே நேரம் கொடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கை நீட்ட அவசரப்படாதீர்கள்.

தயங்கும் சுபாவம் எந்தக் குழந்தைக்கும் இருக்கலாம். ஒரு பக்கக் கைகாலை மட்டுமே பயன்படுத்தினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.