புது கேபிள் போட்டும் கிளட்ச் இறுக்கமா?

புது கேபிள் போட்டும் பழைய பைக்கின் கிளட்ச் லேசாகவில்லை, மெல்லிய ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம், ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். முதலில் கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை இழுத்துப் பாருங்கள். அப்போதும் உரசினால் கோளாறு கேபிளில்தான், பெரும்பாலும் டேங்குக்கு அடியில் சட்டென்று வளைந்திருக்கும். நிப்பிள் (கேபிள் கம்பியின் நுனியில் உள்ள உலோகக் குமிழ்) லீவருக்குள் சுழல்கிறதா என்றும் பாருங்கள், திரும்பாவிட்டால் கம்பி அங்கேயே மடிந்து மடிந்து இழை இழையாக அறும்.

கேபிள் சரியென்றால் லீவரின் பிவட் (லீவர் திரும்பும் அச்சாணி) நடுவிலிருந்து நிப்பிள் நடுவரை அளந்து பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி லீவர்களில் 7/8 அங்குலம், 1 1/16 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. சின்னது கைக்கு லேசு, ஆனால் கேபிளைக் குறைவாக இழுக்கும், கிளட்ச் முழுதாகப் பிரியாமல் கியர் போடும்போது கரகரக்கலாம்.