ஏறி இறங்க 80 படி

கேள்வி: கோடிக்கணக்கில் செலவு செய்து நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்தும், மக்கள் அதில் ஏறாமல் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறார்களே! பிடித்து அபராதம் போட்டால்தானே புத்தி வரும்? – குரோம்பேட்டை வாசகர்

பதில்: தாராளமாகப் போடலாம். அதற்கு முன்னால் ஐந்து கிலோ அரிசிப் பையோடு நீங்கள் ஒரு தடவை அதில் ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். கீழே லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட்டாக வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஏற 40 படி, இறங்க 40 படி. கண்ணுக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடைக்குப் போக, முழங்கால் வலிக்காரரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்கிறோம். காரில் வருகிறவருக்கு மட்டும் பிரேக்கில் கால் வைக்கிற சிரமம்கூட வரக்கூடாது! லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பூட்டோடு.

எல்லாப் பாலமும் வீண் என்று சொல்லவில்லை. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்துத் திறந்த ஆகாய நடைபாதையில் கூட்டம் போகத்தான் செய்கிறது. ரயில்வே பாலத்தில் ஏற்கெனவே மேலே நிற்கிறவர், ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் அப்படியே நடந்துபோய் இறங்குகிறார். அவருக்கு லாபம், அதனால் போகிறார். மற்ற இடங்களில் நஷ்டம், அதனால் ஓடுகிறார். இதில் புத்தி எங்கே வந்தது?

சரி, தரையிலேயே கடக்கலாம் என்றால் அதன் லட்சணத்தையும் பாருங்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆறு வழிச் சாலை. அகலம் 21 மீட்டர். நல்ல உடம்புக்காரர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அப்படியானால் 18 வினாடி வேண்டும். போன வாரம் நின்று எண்ணினேன். நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை மனிதன் 14 வினாடியில் சிவந்துவிட்டான். பூக்கூடையோடு வந்த ஒரு பாட்டி மீடியனை எட்டுவதற்குள் பைக்குகள் உறும ஆரம்பித்துவிட்டன. நடந்து கடப்பதற்கான வரிக்கோடு (ஜீப்ரா கிராசிங்) எங்கே என்று கேட்காதீர்கள், அதன் மேல்தான் பைக்குகள் நின்றன. இந்தப் பாட்டிக்கா அபராதம்?

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. பச்சை விளக்கில் பத்து வினாடி கூட்டலாம். பள்ளிக்கூட வாசலில் கடக்கும் இடத்தைச் சாலையோடு சேர்த்து நடைபாதை உயரத்துக்கு உயர்த்தலாம். எந்த வண்டியும் தானாகவே வேகம் குறைக்கும். ஆனால் இதற்கெல்லாம் திறப்பு விழா வைக்க முடியாதே!

திட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவில் முன்னோடி என்று பெயர் வாங்கியது சென்னை மாநகராட்சி. 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் அவர்களுக்கே என்று எழுதி வைத்தது. பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதையும் வந்தது. அதைத் தாண்டி நாலு தெரு நடந்தால் நடைபாதையில் கரண்ட் பெட்டி, டூ வீலர், சாய்த்து வைத்த பேனர். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதை எந்த ரோட்டில் ஓட்டுவது என்பதைத்தான் இன்னும் சொல்லவில்லை.

கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன், சாலை விபத்துகளைப் பற்றி 2012-ல் தொடுத்த வழக்கில், நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அப்புறமும் யாரிடம் போய்க் கேட்பது என்பது தனிக் குழப்பம். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, உள் தெரு மாநகராட்சியுடையது, சிக்னல் நேரம் போக்குவரத்து போலீஸ் கையில்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது மூவருக்கும் சேர்த்தே மனு எழுதிக் கொண்டு போங்கள். மேம்பாலம் கேட்காதீர்கள், கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.