சொட்டு நீரில் கடைமடை மட்டும் காய்ந்தால் எங்கே பார்ப்பது?

வாழைக்கு ஆன்லைன் டிரிப்பர் (குழாயில் துளையிட்டு வெளியே செருகும் சொட்டுவான்) போட்டிருப்பதாகவும், வரிசையின் முன்பக்கம் நன்றாகச் சொட்ட, கடைசிப் பத்துப் பதினைந்து மரங்களுக்கு அறவே சொட்டவில்லை என்றும், எல்லா டிரிப்பரையும் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். வால்வுக்குப் பக்கத்து வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை ஆகிய மூன்றிலும் தலைப்பு, நடு, கடை என்று டம்ளரில் பிடித்துக் குறித்துக்கொண்டால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

கடைப்பக்கம் போகப் போகப் படிப்படியாகக் குறைந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஒரே நேரத்தில் கூடுதல் வால்வுகளைத் திறப்பது, லேட்டரல் (டிரிப்பர் செருகிய, வரிசையோடு ஓடும் குழாய்) அளவுக்கு மீறி நீள்வது, எலி கடித்த குழாய் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆனால் சாதாரண டிரிப்பரில் அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவாக இறங்கினாலும் 4 லிட்டர் ஏறத்தாழ 2.8 லிட்டராகுமே தவிர நின்றுபோகாது; ஆகவே உங்கள் தோட்டத்தில் அடைப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். லேட்டரலின் கடைசியில் தண்ணீரின் வேகம் குறைவதால் வண்டல் அங்கேதான் தங்கும்.

மோட்டார் ஓடும்போதே இரண்டு மூன்று லேட்டரல்களின் எண்டு கேப்பை (கடைசி மூடியை) கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். என் தோட்டத்தில் நான் கழற்றியபோது காப்பி நிறக் குழம்பும் அதன் பின்னால் பாசி நூலும் வந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பை நிறையப் புது டிரிப்பர் வாங்கி மாற்றியிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குற்றம் ஃபில்டரில் இருந்தது: வலையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள கேஜ்கள் (அழுத்தமானிகள்) நாள் கணக்கில் ஒரே அளவைக் காட்டியதை நல்லது என்று நினைத்திருந்தேன். அழுக்கைப் பிடிக்கிற வலையில் இரண்டு கேஜ்களுக்கும் உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே வரும், அரைக் கிலோவை எட்டுமுன் கழுவ வேண்டும். வித்தியாசம் கூடாமலே இருந்தால் வலையையும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

டிரிப்பர் வாயில் வெள்ளைப் பொருக்கு இருந்து, ஆசிட் சொட்டினால் நுரைத்தால், அது போர் தண்ணீரின் சுண்ணாம்பு. அதற்கு ஆசிட் விட்டுக் கழுவுவதே வழி. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பாசிக்கு விடும் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் 180 மில்லியைத் தொடாத டிரிப்பர்களை மட்டும் மாற்றினால் போதும்.