ஜிபிஎல் லைப்ரரியும் சான்றிதழ் வியாபாரமும்

கேள்வி: வெள்ளவத்தையில் மூவர் கொண்ட சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். புறக்கோட்டைப் புடவைக் கடைகளுக்கு நாங்கள் விற்கும் பில் மென்பொருளில் ஜிபிஎல் (பிரதி பெறுபவருக்கு மூலநிரலையும் தரச் சொல்லும் திறந்த மூல உரிமம்) கொண்ட லைப்ரரி ஒன்று, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு, சேர்ந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. எங்கள் மூலநிரலை (நிரலாளர் எழுதிய வடிவத்தை) எல்லோருக்கும் வெளியிட வேண்டுமா? 'உரிமச் சான்றிதழ்' எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்தச் சான்றிதழ்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நிரலின் பதிப்புரிமை எந்தப் பதிவுமின்றி எழுதியவருக்கே உரியது. அவர் உரிமத்தில் எழுதியிருப்பதை இடைத்தரகரின் இறப்பர் முத்திரை மாற்றாது. கேள்விப்பத்திரங்களில் திறந்த மூல மென்பொருளுக்கும் 'அசல் உரிமச் சான்றிதழ்' கேட்கும் அதிகாரிகள்தான் இவர்களை வளர்த்துவிடுகிறார்கள். அப்படியொரு பத்திரமே இல்லையென்று எத்தனை தடவை கடிதம் எழுதுவது?

நிரலை உலகுக்கு வெளியிடும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் பிரதி வாங்கிய கடைக்காரருக்கு, அந்த லைப்ரரியோடு ஒன்றாகக் கட்டிய நிரலின் மூலத்தை, அல்லது கேட்டால் மூலத்தைத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதியைக் கொடுத்திருக்க வேண்டும். அவர் அதைப் பிறருக்குக் கொடுப்பதையும் தடுக்க முடியாது. விலை வாங்குவது குற்றமல்ல.

மென்பொருள் உங்கள் சேர்வரிலேயே ஓட, கடைக்காரர் பிரவுசரில் மட்டும் பயன்படுத்தினால், பிரதி கைமாறாததால் இந்தக் கடமை எழாது. ஆனால் இதை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அதே சேர்வரை இணைய வேகம் போதவில்லை என்று கடையின் கல்லாப்பெட்டிக்கருகே வைத்துவிட்டால், அது பிரதி கொடுத்ததாகிவிடும். லைப்ரரி ஏஜிபிஎல் (வலையமைப்பினூடான பாவனைக்கும் பொருந்தும் ஜிபிஎல் வகை) ஆக இருந்து நீங்கள் அதைத் திருத்தியிருந்தால், சேர்வரிலேயே வைத்திருந்தாலும், அதை வலையமைப்பினூடாகப் பயன்படுத்துவோருக்கு மூலம் கிடைக்க வழி செய்ய வேண்டும். பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடுதல். அதைக் கவனியாதவர்களே அதிகம்.

மூலத்தைக் கொடுக்க மனமில்லையெனில், அதே வேலையைச் செய்யும் எம்ஐடி அல்லது அப்பாச்சி என்ற, மூலத்தைக் கேட்காத உரிமமுள்ள லைப்ரரிக்கு மாறுங்கள். அங்கே பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைத்தால் பெரும்பாலும் போதும். ஏற்கெனவே விற்ற பிரதிகள் மாற்றியதால் சரியாகிவிடா. அவற்றுக்கு மூலத்தைக் கொடுங்கள், அல்லது லைப்ரரியின் உரிமையாளரிடம் அனுமதி எழுதிக் கேளுங்கள். ஜிபிஎல்லின் 2007 இல் வந்த மூன்றாம் பதிப்பானால், மீறல் பற்றி உரிமையாளரின் அறிவித்தல் முதல் தடவையாகக் கிடைத்து 30 நாட்களுக்குள் திருத்தினால், மீறலால் இழந்த உரிமை மீளும். 1991 இன் இரண்டாம் பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே இன்றே லைப்ரரியோடு வந்த உரிமக் கோப்பைத் திறந்து, எந்தப் பதிப்பென்று பாருங்கள்.